சட்டைப்பையின் மேல் உன் அப்பாவின் பெயர்

என் கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். வாராவாரம் போனில் உன் முகத்தைப் பார்த்ததும் சொல்ல நினைத்ததெல்லாம் மறந்துபோகிறது. அதனால்தான் இந்தக் கடிதம். அப்பா இதைப் படம் எடுத்து மின்னஞ்சலில் அனுப்புவார்.

மணிலாவில், நம் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்துவின் சபையின் ஊழியர் பயிற்சி மையத்தில், நீங்கள் எழுந்திருக்கும் ஆறரை மணி இங்கே கோயம்புத்தூரில் நான்கு. நீ போன நாளிலிருந்து அந்த நேரத்துக்கு எனக்குத் தானாக விழிப்பு வந்துவிடுகிறது. மண்டியிட்டு உனக்காக ஜெபித்துவிட்டுத் தையல் மிஷினில் உட்காருகிறேன். பக்கத்து வீட்டிலிருந்து காப்பி மணம் வரும்போதுதான் ஐந்தரை ஆகிவிட்டது தெரியும்.

முதலில் சட்டை. காலர் மஞ்சளாகிறது என்று எழுதியிருந்தாய். துணி துவைக்கும் நாளில் எல்லாவற்றையும் ஒன்றாக மிஷினில் போட்டுவிடாதே. காலரை மட்டும் முதலில் நனைத்து, கட்டி சோப்பை மடிப்பின் மேல் தேய்த்து அரைமணி நேரம் வை. பிறகு துணியோடு துணியைக் கசக்கு. பிரஷ் போடவே கூடாது. மடிப்பில் நூல் விட்டுப்போகும். சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி நிழலில் உலர்த்து. ஆறு சட்டைகளுக்கும் நல்ல கேன்வாஸ் வைத்துத்தான் காலர் தைத்திருக்கிறேன். இரண்டு வருடம் தாங்க வேண்டும், சாமி.

நீ அனுப்பிய படத்தை அப்பா பெரிதாக்கிப் பார்த்தார். நமக்கெல்லாம் குடும்பப் பெயர் ஏது? பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பாவின் பெயரைத்தான் எழுதினோம். இப்போது சட்டைப்பைக்கு மேலே அந்தக் கறுப்பு அட்டையில், ஊழியர்களைக் கூப்பிடும் 'எல்டர்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் நிற்பது அவர் பெயர். அங்கே வகுப்பிலும் சாப்பாட்டு வரிசையிலும் கூடைப்பந்து ஆடும்போதும் உன்னை அந்தப் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள் என்று சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பட்டறைக்குக் கிளம்பியவர் வாசல்வரை போய்த் திரும்பி வந்து, இன்னொரு முறை அந்தப் படத்தைக் காட்டச் சொன்னார்.

இனி நீ குறைப்பட்டு எழுதியதற்கு வருகிறேன். உன்னோடு ஜோடியாகச் சேர்த்த கம்பானியன், அந்த ராஜமுந்திரித் தம்பி, எதற்கும் தாமதம், அவனுக்காக நின்று நின்று நீயும் வகுப்புக்குப் பிந்துகிறாய், பாடம் நடத்தும் பயிற்சியில் அவன் வாயே திறப்பதில்லை என்று எழுதியிருந்தாய். ஒருவர் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில்தான் மற்றவர் இருக்க வேண்டும் என்ற விதி உனக்குக் கட்டிப்போட்டதுபோல் இருக்கிறது. வீட்டில் ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தவன் நீ. கஷ்டம்தான், எனக்குப் புரிகிறது.

அதே கடிதத்தில் இன்னொன்றும் எழுதியிருந்தாய். ஆசிரியர் துக்கத்தில் இருக்கும் ஒரு பெண்ணாக நடித்தார், நீ பாடம் முழுவதையும் தடங்கல் இல்லாமல் சொல்லி முடித்தாய், கடைசியில் அவர், "நீங்கள் என்னை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையே" என்றார். அந்த வரியைப் படித்ததும் நான் மிஷினை நிறுத்திவிட்டேன்.

உன் அக்கா நான்கு வயதில் காய்ச்சலில் போனது உனக்குத் தெரியும். அதற்கு அடுத்த வருடம் எதிர்வீட்டு அக்கா இரண்டு ஊழியர்களை நம் வீட்டுக்கு அழைத்து வந்தார். ஒருவர் சென்னைக்காரர். அழகாகப் பேசினார், வசனங்களைப் புரட்டிக் காட்டினார். அவர் என்ன பேசினார் என்று இன்று எனக்கு ஒரு சொல்கூட நினைவில்லை. மற்றவர் ஆந்திரப் பையன், தமிழ் திக்கித் திக்கித்தான் வரும். சுவரில் மாலை போட்டிருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பாப்பா பேர் என்ன?" என்று கேட்டார். சொன்னேன். அந்தப் பெயரை ஒருமுறை தானும் சொல்லிப்பார்த்தார். பிறகு பேசவில்லை; கண் கலங்கி உட்கார்ந்திருந்தார். அதற்கு முன் வீட்டுக்கு வந்தவர்கள் யாரும் அவள் பெயரைக் கேட்டதில்லை, கண்ணு. துக்கம் கிளறும் என்று தவிர்த்துவிடுவார்கள். எட்டு வயதுக்குமுன் இறக்கும் பிள்ளைகள் தேவனிடத்தில் பத்திரமாக இருக்கிறார்கள் என்பதையும், ஆலயத்தில் குடும்பங்கள் நித்தியத்துக்கும் ஒன்றாக இணைத்து முத்திரிக்கப்படுவதையும் பிறகு வந்த வாரங்களில்தான் கற்றுக்கொண்டேன். கதவைத் திறந்தது அந்த ஒரு கேள்வி.

நம் ஊரில் 1965-இல் ஞானஸ்நானம் எடுத்த பால் திருத்துவதாஸ் ஐயாவுக்கும், முதலில் யாரும் நேரில் வந்து பாடம் நடத்தவில்லை. கையில் கிடைத்த ஒரு பழைய துண்டுப்பிரசுரம்தான் அவரைத் தேட வைத்தது. நம் பக்கத்து ஊழியர்களை நடத்தும் பெங்களூரு மிஷன் வந்ததே 1993-இல்தான்.

அதனால் உன் ராஜமுந்திரித் தம்பி பேசாமல் இருப்பதைக் குறையாக எண்ணாதே. அவன் ஏன் தாமதிக்கிறான் என்று நீ எழுதவில்லை. கேட்டாயா? இரவு பத்தரைக்கு விளக்கை அணைத்தபின் தூங்குகிறானா? வீட்டு நினைப்பா? மூன்று வேளையும் சோறு கிடைத்தாலும் ஆந்திரக் காரம் பழகிய நாக்குக்கு அங்குள்ள சாப்பாடு இறங்குகிறதா? பயிற்சியில் முதல் ஜெபத்தை அவனைச் செய்யச் சொல். தெலுங்கில் செய்யட்டும். உனக்குப் புரியாவிட்டாலும் 'ஆமென்' புரியும்.

சாலைக்கு எதிரே ஆலயம் தெரிகிறது என்று எழுதியிருந்தாய். 1984-இல் பிரதிஷ்டை செய்த ஆலயம் அது. ஒரு நாள் காலையில் அதைப் பார்க்கும்போது உன் அக்காவின் பெயரை மனதுக்குள் ஒருமுறை சொல். அம்மாவுக்காக.

அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசத்தில் உன் பெயரை வைத்தோம்.

அடுத்த முறை போன் செய்யும்போது அந்தத் தம்பியையும் பக்கத்தில் உட்காரவை. அவன் காலர் அளவையும் தோள் அளவையும் கேட்டு எழுது. உன் சட்டைத் துணியில் இரண்டரை மீட்டர் மீதி இருக்கிறது.

அன்புடன்,
அம்மா