அந்தக் குறிப்பேட்டை வாங்கிப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 31 ஆண்டுகள் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு இருந்து ஓய்வு பெற்றவள் நான். வேலையில் இருந்த கடைசி ஆண்டு, பிள்ளை யாரிடம் இருப்பது என்ற வழக்கில், குடும்ப நீதிமன்றத்தில் சாட்சி சொல்லப் போனேன்.

என் வகுப்பில் ஏழு வயதுப் பையன். பெற்றோர் பிரிந்திருந்தார்கள், சனி, ஞாயிறு அப்பா வீடு. திங்கட்கிழமை உட்கார மாட்டான், நின்றுகொண்டே எழுதுவான். ஒருநாள் தொடையில் தடிப்பு தெரிந்தது. "விழுந்துட்டேன் டீச்சர்" என்றான். மூன்று வாரம் கழித்து, சத்துணவு வரிசையில், யாரும் கேட்காமலே சொன்னான்: "கணக்கு தப்பாப் போட்டா அப்பா பெல்ட்ட எடுப்பாரு. சிங்கம் போட்ட பெல்ட்டு." அன்று சாயங்காலமே தேதி போட்டு, அவன் சொன்ன வார்த்தையிலேயே எழுதிவைத்தேன். குழந்தைகள் உதவி எண் 1098க்கும் நான்தான் பேசினேன்.

கோர்ட்டில் குறிப்பேட்டை நீட்டினேன். "செவிவழிச் செய்தி" என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஆட்சேபித்தார். "எஃப்.ஐ.ஆர். உண்டா? ஆஸ்பத்திரிச் சீட்டு உண்டா?" இரண்டும் இல்லை. குறிப்பேடு என் கைக்கே திரும்பி வந்தது. சனி, ஞாயிறு ஏற்பாடும் அப்படியே தொடர்ந்தது.

அப்புறம்தான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். 1984ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டம், பிரிவு 14: சாட்சியச் சட்டம் ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், வழக்கைத் தீர்க்க உதவும் என்று நீதிமன்றம் நினைத்தால் எந்த ஆவணத்தையும் தகவலையும் எடுத்துக்கொள்ளலாம். படித்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒருவரை ஜெயிலுக்கு அனுப்பச் சந்தேகத்துக்கு இடமில்லாத ஆதாரம் வேண்டும், சரி. பிள்ளை ராத்திரி எந்த வீட்டில் தூங்குவது என்று முடிவெடுக்கவும் அதே அளவுகோலா? திருமண வழக்குகளில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும் என உச்ச நீதிமன்றம் 1975இலேயே, தஸ்தானே வழக்கில், சொல்லிவிட்டது.

அம்மா சொல்லிக்கொடுத்திருப்பாள் என்பார்கள். அப்படியும் நடக்கிறது, நானே பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் "கொடுமை", "சித்திரவதை" என்று பெரியவர்கள் வார்த்தையில் பேசுவார்கள். மறுபடி கேட்டால் வாய்ப்பாடு போல ஒப்பிப்பார்கள். பெல்ட்டில் இருக்கும் சிங்கத்தை யார் சொல்லிக்கொடுப்பார்கள்? இதைப் பிரித்தறிய மருத்துவர், குழந்தை நலம் தெரிந்தவர்களின் உதவியைக் கேட்கலாம் என்று அதே குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 12ஆம் பிரிவிலேயே இருக்கிறது.

நீதிபதி அவனைத் தன் அறைக்கு அழைத்துப் பேசினார், உண்மை. ஆனால் அதற்குள் எட்டு மாதம் ஓடிவிட்டது. அன்று காலை அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தவர் அப்பா. கதவுக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்தவரும் அவர்தான். "அப்பா நல்லா பாத்துக்கிறாரு" என்று பையன் சொன்னதாகப் பதிவானது.

நீதிபதிகளிடம் நான் கேட்பது இவ்வளவுதான். இப்படி ஒரு புகார் வந்தால் முதல் மாதத்திலேயே பிள்ளையிடம் பேசுங்கள். அவன் வார்த்தையை அவன் பேச்சிலேயே எழுதுங்கள். டீச்சர், ஆயா, பக்கத்து வீட்டுக்காரர் என்று அன்றன்றைக்குப் பார்த்தவர்கள் எழுதிவைத்ததை வாங்கிப் படித்துவிட்டு, அதற்கு எவ்வளவு மதிப்பு என்று முடிவு செய்யுங்கள். பிள்ளையைக் கூட்டிவரும் வேலையை, அந்த ஒரு நாளாவது, நீதிமன்றக் கவுன்சலரிடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை,
கும்பகோணம்