ஃபியூஸ் போட்டாயா?

காந்தி நகர், காட்பாடி

அன்புள்ள பாபுவுக்கு அப்பா எழுதுவது.

இங்கு எல்லோரும் நலம். போன் போட்டால் "அப்புறம் கூப்பிடறேன்ப்பா" என்று வைத்துவிடுகிறாய். சரி, எழுதினாலாவது நின்று படிப்பாய் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கவிதாவுக்கு நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். கார் பம்பருக்குக் கீழே ஃபாக் லேம்ப், அந்தப் பனி லைட் இரண்டையும் கோணாமல் மாட்டியிருக்கிறாய். சின்ன வயதில் டெஸ்டரைத் தொடச் சொன்னாலே ஓடிப்போவாய். இப்போது லைட்டுக்குக் கரண்டைத் திறந்து மூடுகிற ரிலே வரைக்கும் மாட்டுகிற அளவுக்கு வந்துவிட்டாய். அம்மா அதைப் பக்கத்து வீட்டு டீச்சர் வரைக்கும் காட்டிவிட்டாள். யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டாயாம். நான் ராணிப்பேட்டை பெல்லில் சர்வீஸ் முழுக்க எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸில்தான் இருந்தேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும்? போகட்டும்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பேட்டரி பாசிட்டிவிலிருந்து சிவப்பு ஒயர் நேராக ரிலேயின் 30ஆம் நம்பர் முனைக்குப் போகிறது. நடுவில் ஃபியூஸ் இல்லை. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு லேம்ப் 55 வாட், இரண்டுக்கும் 110. 12 வோல்ட்டில் ஒன்பது ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 15 ஆம்பியர் ஃபியூஸ், நீல நிறத்தில் இருக்கும், அதைப் பேட்டரியிலிருந்து ஒரு ஜாணுக்குள் போடு. தள்ளிப் போட்டால் பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் இருக்கிற ஒயருக்குக் காவல் கிடையாது. வண்டி உடம்பு முழுக்க எர்த், அதாவது பேட்டரியின் நெகட்டிவ். நீ அந்த ஒயரைத் தகரத்தின் விளிம்பை ஒட்டியே இழுத்திருக்கிறாய். ஓடுகிற அதிர்வில் தோல் தேய்ந்து செம்பு தகரத்தில் பட்டால், பேட்டரி தன்னிடம் இருக்கிற அத்தனையையும் அந்த ஒயரில் கொட்டிவிடும். 12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது என்பாய். ஷாக் அடிக்காது, வாஸ்தவம். தீப்பிடிக்கும். குடியாத்தம் மாமா வண்டியை நீயே பார்த்தவன்.

ஓட்டை வழியாக ஒயர் போகிற இடத்தில் கிராமெட், அந்த ரப்பர் வளையம், போடு. வெறும் டேப் சுற்றாதே. இன்ஜின் சூட்டில் பசை இளகி அவிழ்ந்துவிடும். ஒயர் முனையில் லக் போட்டு, அழுத்தி கிரிம்ப் செய்து மேலே ஸ்லீவ் ஏற்று. கை வைக்கும் முன்னால் நெகட்டிவைக் கழற்று, கடைசியில் மாட்டு. மோதிரத்தையும் கழற்றி வைத்துவிடு. ஃபியூஸ் போனால் பெரிய ஃபியூஸ் போடாதே, கம்பியும் சுற்றாதே. ஏன் போனது என்று பார்.

அந்தப் படங்கள் புதன்கிழமை பகல் பதினோரு மணிக்கு வந்தன. வியாழக்கிழமையும் அதே நேரத்துக்கு இன்னும் இரண்டு. ஜெனரல் ஷிப்ட் என்று சொல்லியிருந்தாய். லீவாக இருக்கும் என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். லீவுதானே? ஓசூர் பக்கம் நிறையக் கம்பெனிகளில் ஆளைக் குறைக்கிறார்கள் என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு வேறு வேலை இல்லை.

லைட் கனெக்‌ஷனை இக்னிஷன் வழியாக, சாவி போட்டால்தான் எரிகிற மாதிரி எடுத்தாயா? இல்லையென்றால் மறந்துபோய் விட்டுவிட்டால் ராத்திரியில் பேட்டரி இறங்கிவிடும். மார்கழியில் வாணியம்பாடி பக்கம் பனி இறங்கும்போது இந்த மஞ்சள் லைட் உதவும். ஹை பீம் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். வாங்கியது நல்ல யோசனைதான். இந்த நேரத்தில் இந்தச் செலவு தேவையா என்று தோன்றியது. தோன்றியதைச் சொன்னேன், கோபித்துக்கொள்ளாதே.

அம்மா விரிஞ்சிபுரம் போய் வழித்துணைநாதருக்கு உன் பெயரில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கவிதா பையனுக்குப் பல் விழுந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வண்டியை இங்கே எடுத்துக்கொண்டு வா. வருவதற்கு முன்னால் ரிலேக்குப் போகிற அந்தச் சிவப்பு ஒயரைப் பேட்டரியிலிருந்து கழற்றி முனையை மூடிவிடு, பகலிலேயே கிளம்பு. ஃபியூஸ் ஹோல்டரும் 2.5 ஸ்கொயர் ஒயரும் வாங்கி வைத்திருக்கிறேன். உட்கார்ந்தால் அரை நாள் வேலை. திங்கட்கிழமை திரும்ப வேண்டும் என்று கட்டாயம் இருந்தால் போ, இல்லையென்றால் இரு.

மாடி போர்ஷனில் இருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள். இரண்டு பேர் வந்து கேட்டார்கள், பிறகு சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். டூ-லெட் போர்டு இன்னும் மாட்டவில்லை.

அப்பா