மன்னா வேதபாடத்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

கர்த்தருக்குள் அன்பானவர்களே,

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தபசு காலத்தில் நம் சபையில் நடந்த மாலை வேதபாடம், எகிப்திலிருந்து புறப்பட்ட இஸ்ரவேலருக்கு வனாந்தரத்தில் வானத்திலிருந்து மன்னா என்னும் உணவு கிடைத்ததைச் சொல்லும் யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தையும், எலியா தீர்க்கதரிசியைப் பற்றிய 1 இராஜாக்கள் 17ஆம் அதிகாரத்தையும் வசனம் வசனமாகப் படித்து நிறைவடைந்திருக்கிறது. அதற்குத் துணை நின்ற அனைவருக்கும் குழுவின் சார்பில் நன்றி கூற இதை எழுதுகிறேன்.

முதல் நன்றி, இறையியல் கல்லூரியில் பல்லாண்டு கற்பித்து ஓய்வுபெற்று, முதுமையிலும் தவறாமல் வந்து பாடம் நடத்திய பெரியவர் ஐயாவுக்கு. மன்னாவை ஓர் அற்புதம் என்று வியந்துவிட்டு அடுத்த அதிகாரத்துக்குப் போய்விடும் எங்களை, அவர் 4ஆம் வசனத்திலேயே நிறுத்தினார். அப்பம் தருவேன் என்று சொல்லும் அதே வசனத்தில், ஜனங்கள் தம் பிரமாணத்தின்படி நடப்பார்களோ என்று சோதிப்பதாகவும் கர்த்தர் சொல்கிறார். ஏலிமின் 12 நீரூற்றுகளையும் 70 பேரீச்ச மரங்களையும் விட்டு, சீன் வனாந்தரத்தில் பசியோடு முறுமுறுத்த கூட்டத்துக்கு இது சொல்லப்பட்டது. அவர்களிடம் கேட்கப்பட்டது, போதும் என்று கையை எடுத்துக்கொள்ளும் கீழ்ப்படிதல்: தலைக்கு ஒரு ஓமர் என்னும் அளவு, விடியும்வரை மீதி வைக்கலாகாது, ஆறாம் நாளில் இரண்டு ஓமர், ஏழாம் நாளில் சேர்க்கப் போகலாகாது. மற்ற நாட்களில் மீதி வைத்தது புழுப்பிடித்து நாற்றமெடுத்தது. ஓய்வுநாளுக்கென்று வைத்ததோ கெடவில்லை. எகிப்தில் வைக்கோலும் கொடுக்கப்படாமல் செங்கல் கணக்கை மட்டும் ஒப்புவிக்கச் சொல்லி அடிக்கப்பட்டவர்களுக்கு, வேலையில்லாத ஒரு நாள் உணவோடு சேர்த்தே அளிக்கப்பட்டது என்று ஐயா விளக்கியபோதுதான், இந்தக் கட்டளைகள் எவ்வளவு கனிவானவை என்று எனக்குப் புரிந்தது.

பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமாருக்கு மனமார்ந்த நன்றி. வசனத்தில் சொல்லியபடி மன்னாவின் அளவைப் பிள்ளைகள் கண்ணால் காணட்டும் என்று, வெள்ளைத் துணியில் கொத்தமல்லி விதையைப் பரப்பி, குனிந்து பொறுக்கச் செய்தார்கள். வானத்திலிருந்து வந்த மன்னாவையும் திரிகையில் அரைத்தோ உரலில் இடித்தோ, சட்டியில் வேகவைத்தே உண்டார்கள் என்று எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்தை எடுத்துக்காட்டியதும் அவர்களே. அடுப்படியில் நின்றவர்கள் கண்ணில்தான் அந்த வரி பட்டது.

எலியாவின் பாடத்தில் துணிந்து கேள்வி கேட்ட வாலிபத் தம்பி தங்கைகளுக்கும் நன்றி. மழையற்ற பஞ்ச காலத்தில், பானையில் ஒரு பிடி மாவும் கலசத்தில் கொஞ்சம் எண்ணெயும் மட்டுமே வைத்திருந்த சாறிபாத் விதவையிடம், முதலில் தனக்கு ஒரு சிறிய அடை செய்து தரும்படி தீர்க்கதரிசி கேட்டது நியாயமா, இன்று இதைச் சொல்லி ஏழைகளிடம் காணிக்கை கேட்கலாமா என்று அவர்கள் கேட்டார்கள். கூடாது என்றே நான் உறுதியாக எண்ணுகிறேன். எலியா முதலில் தாமே கீழ்ப்படிந்து கேரீத் ஆற்றோரம் போய், காகங்கள் கொண்டுவந்ததை உண்டு, ஆறு வற்றிய பின், ஆகாப் ராஜாவின் மனைவி யேசபேலின் தகப்பன் ஆண்ட சீதோனியரின் நாட்டுக்கு வெறுங்கையோடு வந்தவர். “பயப்படாதே” என்று சொல்லி, மழை பெய்யும் நாள்மட்டும் மாவு செலவழியாது என்ற வாக்கைத் தந்தே அவளைக் கேட்டார். பின்பு அவரும் அவளும் அவள் வீட்டாரும் ஒரே பானையிலிருந்து அநேகநாள் உண்டார்கள். பட்டினி கிடப்பவர் கையிலிருந்து பறிப்பதற்கு அங்கே இடமே இல்லை.

மாலைதோறும் ஆலயத்தைத் திறந்து, கடைசி ஆள் போகும்வரை காத்திருந்த கோயில்பிள்ளை அண்ணனுக்கும், பாடத்தாள்களை அச்சிட்டுத் தந்தவர்களுக்கும், ஊக்கமளித்த நம் சபைப் போதகர் ஐயரவர்களுக்கும் நன்றி. அடுத்து, பிறர் வயலில் கதிர் பொறுக்கிய ரூத்தின் புத்தகத்தை எடுக்கிறோம். வயலின் ஓரத்தை எளியவனுக்கு விட்டுவிடச் சொல்லும் லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தை வாசித்துவிட்டு வருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கிறிஸ்துவின் அன்பில்,
வேதபாடக் குழுச் செயலர்