பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பா,

நானும் அம்மாவும் நலம். போனில் பேசலாம் என்றால் அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள், ஸ்பீக்கரில் போடு என்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன். என் கையெழுத்து உனக்குப் பழகினதுதான். புரியாத இடத்தை விட்டுவிட்டு மேலே படி.

நீ சாப்பாட்டுப் படம் அனுப்பி இன்றோடு 22 நாள் ஆகிறது. முன்பெல்லாம் வாரத்துக்கு இரண்டு மூன்று வரும். அம்மா தட்டைப் பெரிதாக்கிப் பார்ப்பாள். நான் ஓரங்களைப் பார்ப்பேன். மேஜை துடைத்த துணி எப்படி இருக்கிறது, சப்ளையர் நகம் வெட்டியிருக்கிறானா, அடுப்படிக் கதவு திறந்திருந்தால் உள்ளே என்ன தெரிகிறது. 31 வருஷம் அடுப்புக்கு முன்னால் நின்றவனுக்குக் கண் அங்கேதான் போகும்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்த எத்தியோப்பியக் கடைப் படம். இஞ்சேரா என்று நீ எழுதியிருந்தாய். டெஃப் என்ற சிறுதானிய மாவைப் புளிக்கவைத்துச் சுட்டது, அதையே தட்டாக விரித்து மேலே குழம்புகளை வைத்திருந்தார்கள். ஒரே தட்டு, அதில் இரண்டு பேர் கை. ஒரு கையில் உன் வளையல். அந்த நாட்டுக்குக் கடலே இல்லை, எரித்ரியா 1993-ல் பிரிந்த பிறகு கரை போய்விட்டது என்று படித்துத் தெரிந்துகொண்டேன். அவர்கள் சமையலில் உனக்கு ஆகாத இறால் அபூர்வம். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

கடைசியாக வந்தது கொரியக் கடைப் படம். சுற்றிலும் சின்னச் சின்னக் கிண்ணங்கள். ஒரு கரண்டி, ஒரு ஜோடிக் குச்சி. எதிர் நாற்காலியில் உன் பை இருந்தது. மாப்பிள்ளைக்கு வேலை அதிகமாக இருக்கும் என்று அம்மாவிடம் சொன்னேன். சரிதானே?

அது இருக்கட்டும். அந்தக் கிண்ணங்களில் சிவப்பாக இருந்தது கிம்ச்சி. கிம்ச்சியில் பல பேர் உப்பில் ஊறின சின்ன இறாலைச் சேர்ப்பார்கள், தெரியுமா? கண்ணுக்குத் தெரியாது. முட்டைக்கோஸ் என்று நினைத்துச் சாப்பிட்டுவிடுவாய். தாய்லாந்துக் கடைக்குப் போனால் கறிக்கு அரைக்கும் விழுதிலேயே இறால் விழுது இருக்கும். காய்கறிக் கறி என்று எழுதியிருந்தாலும் விழுது அதே விழுதாக இருக்கலாம். அவர்களுடைய பச்சைப் பப்பாளிச் சாலட்டில் காய்ந்த இறால் போடுவார்கள். மலேசியச் சம்பலில் பெலாச்சான் என்ற இறால் விழுது. சீனக் கடைகளில் எக்ஸ்ஓ சாஸ் என்று ஒன்று, அதில் காய்ந்த இறால் உண்டு. மேற்கு ஆப்பிரிக்கச் சூப்புகளில் காய்ந்த இறால் வகைகளைப் பொடித்துத் தூவுவது சாதாரணம். பெரிய நகரம் என்றால் இத்தனையும் ஒரே தெருவில் இருக்கும். ஆர்டர் சொல்வதற்கு முன்னால் இறாலைச் சொல்லிவிடு.

நீ பெருமையாகச் சொல்லுவாயே, இந்த வருஷத்தில் எத்தனை நாட்டுச் சாப்பாடு சாப்பிட்டேன் தெரியுமா என்று. எனக்கும் பெருமைதான். நான் ஒரே அடுப்பில் ஆயுசைக் கழித்தேன், என் மகள் தெரியாத எழுத்தில் இருக்கிற மெனுவை விரல் வைத்துக் காட்டி ஆர்டர் சொல்கிறாள் என்று பார்க்கிறவரிடமெல்லாம் சொல்கிறேன். சீனாவில் சோங் அரசர்கள் காலத்தில், 1127-க்கு முன்பே, கைஃபெங் தலைநகரத்தில் தெற்கத்திச் சமையலுக்கென்று தனியாகக் கடைகள் இருந்தனவாம். தெற்கிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு வாய் ஏங்கும் அல்லவா, அதற்காக. உனக்கும் வாய் ஏங்குகிறதா? ஏங்கினால் சொல்ல மாட்டாய். அம்மா குணம் உனக்கு.

சொல்ல வந்தது வேறு. சப்ளையரிடம் சொன்னால் போதாது பாப்பா. நீ சொன்னது அவன் காதில் விழும், மாஸ்டர் காதுக்குப் போவதற்குள் நாலு டேபிள் ஆர்டர் நடுவில் புகுந்துவிடும். நான் அந்தப் பக்கம் நின்றவன். ராத்திரிக் கூட்டத்தில் சீட்டில் எழுதியதைப் பார்ப்போம், எழுதாததை யாரும் பார்க்க மாட்டோம். ஒரு சின்ன அட்டையில் எழுதி வைத்துக்கொள்: எனக்கு இறால், நண்டு ஆகாது, உயிருக்கே ஆபத்து, அது பட்ட எண்ணெயும் சட்டியும் கரண்டியும்கூட ஆகாது. அதை அந்தக் கடைக்காரர்கள் பேசும் பாஷையில் எழுதி வாங்கி, அட்டை உள்ளே மாஸ்டர் கைக்குப் போய்த் திரும்ப வர வேண்டும் என்று கேள். கூட்டம் சேருவதற்கு முன்னால் போ. கடை திறந்த முதல் அரை மணி நேரத்தில் மாஸ்டருக்கு உன் பேச்சைக் கேட்கப் பொறுமை இருக்கும். பஃபே வேண்டாம். ஒரு கரண்டி எத்தனை பாத்திரத்துக்குள் போகும் என்று எனக்குத் தெரியும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பரிலிருந்து, என்ன சமையலில் என்ன அலர்ஜிப் பொருள் இருக்கிறது என்று ஹோட்டல்காரர்களும் சொல்லியே ஆக வேண்டும். 14 பொருள் பட்டியலில் இறால், நண்டு வகையும் உண்டு. அதனால் கேட்பதற்குக் கூச்சப்படாதே. கேள்வி கேட்கிற வாடிக்கையாளர்மேல் நல்ல மாஸ்டருக்குக் கோபம் வராது. உள்ளே என்ன இருக்கிறதென்று சப்ளையர் சரியாகச் சொல்லாவிட்டால் எழுந்து வந்துவிடு. அப்படி எழுந்து வருவதில் ஒரு அவமானமும் இல்லை.

அலர்ஜிக்குப் போடுகிற ஊசி இரண்டும் பையில் இருக்கிறதா? தேதி பார்த்தாயா? உதடு தடித்து, தொண்டை இறுகி, மூச்சு வாங்கினால் மாத்திரையைத் தேடிக்கொண்டிருக்காதே. தொடையின் வெளிப்பக்கம், துணிக்கு மேலேயே போடலாம். ஊசி முதலில், ஆம்புலன்ஸுக்குச் சொல்வது அடுத்தது. எழுந்து நடக்கக் கூடாது, காலைத் தூக்கி வைத்துப் படுக்க வேண்டும். மூச்சுத் திணறினால் உட்கார்ந்துகொள். 5 நிமிஷத்தில் குறையவில்லை என்றால் இரண்டாவது ஊசி. சரியாகிவிட்டது என்று வீட்டுக்குப் போய்விடாதே, சில மணி நேரம் கழித்துத் திரும்ப வரலாம், ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். இதெல்லாம் உனக்குத் தெரியும். உனக்குத் தெரிந்தால் போதாது, பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு நான் இரண்டு தடவை காட்டிக்கொடுத்தேன், ஆரஞ்சுப் பழத்தில் குத்திக்கூடப் பார்த்தார். அவர் இல்லாத நாளில் சப்ளையரிடமாவது ஊசியை எடுத்துக் காட்டிவிட்டு உட்கார். கதவுப் பக்கம், ஆள் நடமாட்டம் இருக்கிற மேஜையாகப் பார்த்து உட்கார்.

தனியாகச் சாப்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்படி எடுத்துக்கொள்ளாதே. ரெஸ்டாரன்ட் என்ற பேரே தெம்பு கொடுப்பது என்ற அர்த்தத்தில் வந்தது. 1760-களில் பாரிஸில், உடம்புக்கு முடியாதவர்களுக்கு எலும்பும் கறியும் கொதிக்கவைத்த சாற்றை விற்றார்கள், அந்தச் சாற்றுக்குத்தான் முதலில் அந்தப் பேர். அதற்கு முன் அங்கே விடுதிகளில் பெரும்பாலும் எல்லோரும் ஒரே நீள மேஜையில், வைத்த நேரத்துக்கு, வைத்ததைத்தான் சாப்பிட வேண்டும். இந்தக் கடைகளில்தான் ஒருவர் தனக்கென்று ஒரு சின்ன மேஜையில் உட்கார்ந்து, வேண்டிய நேரத்தில் வேண்டியதைக் கேட்டு வாங்க முடிந்தது. மனசோ உடம்போ சரியில்லாமல் ஒரு ஆள் தனியாக வந்து உட்காருவது ஆரம்பத்திலிருந்தே உள்ளதுதான். என் கடைக்கும் வருவார்கள். அவர்களுக்குக் கொஞ்சம் சூடாகவே அனுப்புவேன்.

ஆனால் அவர்கள் வீட்டில் ஒருத்தராவது 'சாப்பிட்டேன்' என்ற ஒரு வார்த்தையை எதிர்பார்த்துக்கொண்டு இருந்திருப்பார்கள். அம்மா ஐந்து தடவை கூப்பிட்டதற்கு நீ ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினாய். அவள் அதையும் பெரிதாக்கிப் பார்த்தாள்.

ஆர்டருக்கு முன்னால் இறாலைச் சொல். பொரித்தது எதுவானாலும் எண்ணெயைக் கேள். ஜப்பான்காரர்கள் மாவில் தோய்த்துப் பொரிக்கிற டெம்புரா போடுகிற எண்ணெயில் இறாலும் போட்டிருப்பார்கள், அதிலேயே காய்கறியும் போடுவார்கள். எண்ணெய் கொதிக்கிறதே, அதில் எல்லாம் போய்விடும் என்று நினைக்காதே. இறாலில் உனக்கு ஆகாத அந்தப் புரதம் சூட்டுக்குச் சாகாது. வடிகட்டினாலும் போகாது.

வடிகட்டினாலும் போகாது என்று எழுதிவிட்டு ரொம்ப நேரம் பேனாவை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா இரண்டு தடவை வந்து என்ன எழுதுகிறாய் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

உனக்கு 6 வயது முடிந்த அன்றைக்கு ராத்திரி நடந்ததைச் சொல்கிறேன். 4 வயதிலேயே டாக்டர் இறால் ஆகாது என்று சொல்லிவிட்டார். நீ உருளைக்கிழங்கு வறுவல் கேட்டிருந்தாய். பார்சல் கொண்டுவந்தேன். பத்து மணிவரை தூங்காமல் காத்திருந்தாய். ஐந்தாறு துண்டுதான் தின்றிருப்பாய். அதற்கப்புறம் நடந்ததை எல்லோரும் உனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டபோது, மத்தியானம் பக்கத்து வீட்டில் சாப்பிட்டதை அம்மா சொன்னாள். பாட்டி அங்கேயே ஆரம்பித்துவிட்டார்கள், பிள்ளையைக் கண்ட இடத்தில் தின்னவிட்டாயா என்று. மத்தியானம் தின்றது ராத்திரி பத்து மணிக்கு இப்படிச் செய்யாது என்று டாக்டருக்குத் தோன்றியிருக்கும். அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அந்த வறுவல் இறால் வறுத்த எண்ணெயில் நான் போட்டது. உனக்கென்று தனிச் சட்டி வைத்திருப்பதாக அம்மாவிடம் சொல்லியிருந்தேன், வைத்தும் இருந்தேன். அன்றைக்கு மற்ற அடுப்பை அணைத்துவிட்டார்கள். புது எண்ணெய் ஊற்றிக் காயவைக்க இன்னும் கால் மணி நேரம் ஆகும். நீ தூங்கிவிடுவாயே என்று இருந்தது, அலுப்பாகவும் இருந்தது. ஜல்லிக்கரண்டியால் அடியில் இருந்த தூளை எடுத்துவிட்டு, துணியில் வடிகட்டி, அதிலேயே போட்டுவிட்டேன்.

மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் பாட்டி பக்கத்து வீட்டு வாசலில் போய்ச் சண்டை போட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் சொல்ல வாய் வரவில்லை. அந்த வீட்டோடு இன்றுவரை பேச்சு இல்லை. அம்மா உன்னை ஒரு இடத்தில் ஒரு வாய் சாப்பிடவிட்டதில்லை. எந்த விசேஷத்துக்குப் போனாலும் அந்தப் பச்சை டிபன் பாக்ஸ். எல்லாப் பிள்ளைகளும் சாப்பிடும்போது நீ அதைத் திறந்துவைத்துக்கொண்டு தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பாய். தன்னால்தான் உனக்கு அப்படி ஆனது என்று அவள் இத்தனை வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறாள். போன வருஷம் வந்திருந்தபோது, உன்னால்தான் நான் 20 வயதுவரை ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை என்று அவளிடம் கத்தினாய். அவள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். நானும் அந்த அறையில்தான் இருந்தேன். அப்போதும் சொல்லவில்லை.

நீ இப்படி ஊரெல்லாம் தேடித்தேடிச் சாப்பிடுவது எதனால் என்று எனக்குத் தெரியும். அதைத் தப்பென்று நான் எப்படிச் சொல்ல முடியும்?

இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து அம்மாவிடமும் சொல்லப் போகிறேன். உன் கைக்கு இது வரும்போது அவளுக்குத் தெரிந்திருக்கும். அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன், நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். முதலில் அவளைக் கூப்பிட்டுப் பேசு. ஸ்பீக்கர் வேண்டாம், நான் வெளியே போய்விடுகிறேன். உனக்கு அங்கே ஏதாவது மனக்கஷ்டம் இருந்தால் அவளிடம் சொல்லலாம். என்னிடம் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

படம் அனுப்பு பாப்பா. ஒரு தட்டு மட்டும் இருக்கிற படமானாலும் அனுப்பு. பையை எதிர் நாற்காலியில் வைக்காதே. ஊசி அதில்தானே இருக்கிறது, மடியில் வைத்துக்கொள்.

அப்பா