ஒரிஜினலை அனுப்புங்கள்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நம் கொடைக்கானல் புகைப்படச் சங்கத்தின் பொதுக்குழுவில் வாசித்த அறிக்கைதான் இது. வந்தவர்களைவிட வராதவர்கள் அதிகம் என்பதால் முழுவதையும் எல்லோருக்கும் அனுப்பி வைக்கிறேன், தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன, மழையால் சில தள்ளிப்போயின. மன்னவனூருக்கும் பேரிஜத்துக்கும் படம் எடுக்கப் போய் வந்தோம். பேரிஜத்துக்கு வனத்துறை அனுமதி வாங்க அலைந்த இளைய உறுப்பினர்களுக்கு நன்றி. லென்சில் பூஞ்சை பிடிக்காமல் காப்பது பற்றி ஒரு வகுப்பு நடந்தது. நம் ஊர் ஈரத்துக்கு கேமராவை மாதக்கணக்கில் பைக்குள்ளேயே பூட்டி வைக்கக்கூடாது, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள், அப்பப்போ எடுத்துப் பயன்படுத்துங்கள் என்பதுதான் சாரம்.

இனி நான் விரிவாகச் சொல்ல வேண்டியது, படக் களஞ்சியம். உறுப்பினர்கள் எடுக்கும் இயற்கைக் காட்சிப் படங்களை முழுத் தரத்தில், தேதி, இடம், எடுத்தவர் பெயரோடு ஒரே இடத்தில் சேர்த்து வைக்க வேண்டும் என்று போன பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். கை தூக்காதவர் யாருமில்லை. அதற்கப்புறம் படம் அனுப்பியவர்களை விரல்விட்டு எண்ணலாம், அவர்களிலும் பாதிப்பேர் அனுப்பியது வாட்ஸ்அப்பில் வந்து போன நகல்.

ஒரிஜினலுக்கும் இந்த நகலுக்கும் என்ன வித்தியாசம் என்று இன்னும் சிலர் கேட்கிறார்கள். இந்த ஆண்டு நாம் நடத்திய படக் கண்காட்சியில் நடந்ததையே சொல்கிறேன். பூம்பாறைப் படிக்கட்டு வயல்கள் மேல் மேக நிழல் நகர்ந்து போகும் படம் ஒன்று உங்களுக்கு நினைவிருக்கும், கீழே பூண்டு வயலில் வெயில், மேலே ஊர் முழுக்க நிழல். இந்த ஆண்டு நம்மிடம் வந்ததிலேயே சிறந்த படம் அதுதான் என்பது என் கருத்து. அதைப் பெரிதாக அச்சடித்து வாசலில் வைக்க நினைத்தோம். வந்த ஃபைலைத் திறந்தால் நீளமான பக்கமே 1600 பிக்சல். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற கணக்கில் அது ஐந்தங்குலப் படத்துக்குத்தான் காணும். அதே காட்சி 24 மெகாபிக்சல் கேமராவில் 6000-க்கு 4000 பிக்சலாக இருந்திருக்கும், 20 அங்குலத்துக்குத் தாராளமாக வரும். சோதனைக்கு ஒரு பிரதி எடுத்துப் பார்த்தோம். வானம் சதுரம் சதுரமாக உடைந்து தெரிந்தது, ஃபைலைச் சிறிதாக்கும் ஜேபெக் சுருக்கம் படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்துத்தான் வேலை செய்யும், அதிகம் சுருக்கினால் அந்தக் கட்டங்கள் வெளியே வந்துவிடும். வயல் வரப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், தூரத்து மரங்கள் பச்சைக் களிம்பு பூசியது மாதிரி ஆகிவிட்டன. எடுத்தவர் போனை மாற்றிவிட்டார், ஒரிஜினல் எங்கேயும் இல்லை. அந்தப் படம் வாசலில் இல்லாமலேயே கண்காட்சி நடந்தது. எனக்கு அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

வாட்ஸ்அப்பில்தான் அனுப்புவேன் என்றால் அனுப்புங்கள், ஆனால் 'டாகுமெண்ட்' ஆக இணைத்து அனுப்புங்கள், ஃபைல் அப்படியே வரும். சாதாரணமாகப் படமாக அனுப்பினால் அளவு சுருங்குவது மட்டுமில்லை, எடுத்த தேதி, நேரம், லென்ஸ், இடம் என்று படத்துக்குள் பதிவாகியிருக்கும் தகவலும் போய்விடும். 2018-இல் குறிஞ்சி பூத்தபோது எடுத்த படங்களைச் சேகரித்தபோது இந்தக் கஷ்டத்தை அனுபவித்தோம். எந்தச் சரிவு, எந்த மாதம் என்று எடுத்தவருக்கே தெரியாத படங்கள் நிறைய வந்தன.

முழு ஃபைலைக் கொடுத்தால் யாராவது திருடிவிடுவார்கள் என்று சில மூத்த உறுப்பினர்கள் பயப்படுகிறார்கள். பயத்தில் நியாயம் இருக்கிறது. நம் உறுப்பினர் ஒருவர் எடுத்த தூண்பாறைப் படத்தை ஒரு விடுதி கேட்காமலே விளம்பரத்தில் போட்டது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர்கள் எடுத்தது பொதுவில் கிடந்த சின்ன ஃபைலை. களஞ்சியம் பொதுவில் திறந்து கிடக்காது. வெளியே காட்டுவதற்கு பெயர் போட்ட சிறிய பிரதி தனியாக உண்டு. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, யாரும் காசு கொடுத்து எடுக்கச் சொன்னதாக இல்லாவிட்டால் படம் எடுத்தவருக்கே முதல் உரிமை. சங்கத்திடம் கொடுப்பதால் அது மாறாது. உண்மையில் ஒரு தகராறு வந்தால், என்னுடையதுதான் என்று நிரூபிக்க ஒரிஜினல் ஃபைலைவிட நல்ல சாட்சி கிடையாது. அப்புறம், சோலைக்குள் இருக்கும் ஆர்க்கிட் செடிகளின் இடத்தகவல் களஞ்சியத்துக்குள்ளேயே இருக்கும், வெளியே போகும் பிரதியில் அதை நீக்கிவிடுவோம். இடம் தெரிந்தால் பிடுங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கூட்டத்திலேயே ஒருவர் கேட்டார். 1899-இல் தொடங்கிய நம் ஊர் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வந்திருக்கிறார்கள். வானம் தெளிவாக இருந்த நாளெல்லாம் எடுத்து, கண்ணாடித் தகடுகளையும் ஃபிலிமையும் தேதி போட்டுப் பாதுகாத்ததால்தான் இன்றைக்கு அவற்றைக் கணினியில் ஏற்றி நூறாண்டுச் சூரியப் புள்ளிகளை ஆராய முடிகிறது. அதே மலையில் உட்கார்ந்துகொண்டு நாம் பத்து வருடத்துக்கு முந்தைய மன்னவனூர் புல்வெளிக்கு ஒரு ஒழுங்கான படம் காட்ட முடியவில்லை. வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட வாட்டில் மரமும் பைனும் புல்வெளிக்குள் எவ்வளவு தூரம் வந்திருக்கின்றன என்று வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கணக்கு. வரவைவிடச் செலவு கொஞ்சம் கூடுதல். விவரம் பொருளாளர் வாசித்தார், சந்தேகம் இருந்தால் அவரிடம் கேட்டுக்கொள்ளலாம். கூடுதலானதற்குக் காரணம் இரண்டு ஹார்டு டிஸ்க்கும் இணையச் சேமிப்புக்கான ஆண்டு வாடகையும். ஒரு பிரதி கொடைக்கானலில், ஒன்று கீழே வத்தலக்குண்டில் ஓர் உறுப்பினர் வீட்டில், ஒன்று இணையத்தில். மூன்றில் ஒன்று போனாலும் படம் போகாது. சந்தா ஒழுங்காக வந்திருந்தால் இது ஒரு செலவே இல்லை. இரண்டு வருடம், மூன்று வருடம் பாக்கி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பேர் சொல்லவில்லை, அவரவருக்குத் தெரியும். வாடகையைத் தலைவரும் நானும் கைக்காசில் கட்டியிருக்கிறோம், அடுத்த முறை அப்படிக் கட்ட எங்களால் ஆகாது. கண்காட்சிக்கு முந்தின நாள் ராத்திரி படம் மாட்டக்கூட ஆள் இல்லாமல் நாலைந்து பேர் பன்னிரண்டு மணிவரை ஏணியில் நின்றதையும் பதிவு செய்கிறேன்.

மண்டபம் கொடுத்தவர்களுக்கும், அச்சுக்கூடத்தாருக்கும், தேநீர் தந்த கடைக்காரருக்கும், ஒத்துழைத்த நிர்வாகிகளுக்கும் சங்கத்தின் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். குறிஞ்சி மறுபடி 2030-இல் பூக்க வேண்டும். அதற்குள் கோக்கர்ஸ் வாக், பூம்பாறை, மன்னவனூர் என்று சில இடங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு பருவத்திலும் அதே இடத்தில் நின்று, அதே கோணத்தில், முழுத் தரத்தில் எடுத்து வைக்க ஆசைப்படுகிறேன். ஓர் இடத்துக்கு ஓர் உறுப்பினர் பொறுப்பேற்றால் போதும். ஆள் வந்தால் செயலாளராகத் தொடர எனக்குச் சம்மதம். வராவிட்டால் வேறு ஒருவர் இந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்வதுதான் சங்கத்துக்கு நல்லது.

ரசீதுப் புத்தகம் பொருளாளரிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹார்டு டிஸ்க்கோடு நான் வீட்டில்தான் இருப்பேன், மெமரி கார்டை எடுத்துக்கொண்டு வாருங்கள், நானே காப்பி செய்து தருகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்