அரை அளவு கேட்டிருந்தாய்

அம்மிணி,

நீ அனுப்புன போட்டோவைப் பெரிசு பண்ணிப் பாத்தேன். மேல பளபளப்பே இல்லை, உள்ளே பஞ்சாட்ட ஓட்டை ஓட்டையா இருக்குது. அது கேக்கு கண்ணு, பிரௌனி இல்லை. பேக்கிங் பவுடர் போட்டிருக்கறே, மைதாவும் அளவுக்கு மேல. பிரௌனிக்கு அந்தப் பவுடரே வேண்டாம்.

இதை எழுதி வெச்சுக்கோ. டார்க் சாக்லேட் 200 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 150, சர்க்கரை 200, முட்டை மூணு, மைதா 70, கோகோ 30, உப்பு கால் ஸ்பூன். 8 அங்குலச் சதுரத் தட்டு. டம்ளர்ல அளக்காதே, தராசுல நிறு. சாக்லேட் அட்டையில கோகோ பட்டர்னு போட்டிருக்கோணும். காம்பவுண்டுன்னா அதுக்குப் பதிலா வேற எண்ணெய், வாயில கரையாது. சர்க்கரையில 50 கிராம் குறைச்சுட்டுக் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை சலிச்சுப் போட்டா ஈரம் நிக்கும். முழுக்க அதையே போட்டா மேல ஏடு சரியா வராது.

அந்த ஏடு முட்டையிலதான் இருக்குது. குளிர்ந்த முட்டை ஆகாது. சர்க்கரையோட நாலஞ்சு நிமிசம், வெளுத்துக் கெட்டியாகற வரைக்கும் அடி. சர்க்கரை கரையலீன்னா ஏடு இல்லை. உருக்குன வெண்ணெய் சாக்லேட்டைக் கைபொறுக்கற சூட்டுல ஊத்து, கொதிக்கக் கொதிக்க ஊத்துனா முட்டை வெந்துரும். கடைசியா மைதாவும் கோகோவும் சலிச்சுப் போட்டு, வெள்ளை மறைஞ்சதும் கையை எடுத்துரு. அதுக்கு மேல கிண்டுனா ரப்பராயிரும்.

ஓடிஜி கரண்டு அடுப்பைக் கால் மணி நேரம் முன்னாடியே 175 டிகிரிக்குச் சுட வை. 22 நிமிசத்துல நடுவுல குச்சி குத்திப் பாரு. ஈரத்தூள் ஒட்டிட்டு வரோணும். மாவாவே வந்தா இன்னும் மூணு நிமிசம். சுத்தமா வந்துச்சுன்னா ஏற்கெனவே வெந்து போச்சு. ரொம்ப வேக விட்டுறாதே, வெளிய எடுத்த பொறகும் தட்டுச் சூட்டுல வேகும்.

அரை அளவுக்கு எப்படின்னு கேட்டிருந்தே. ரெண்டு முட்டையை உடைச்சு அடிச்சு, அதுல 75 கிராம் எடுத்துக்கோ. 6 அங்குலத் தட்டு, 18 நிமிசத்துலயே பாரு. ஆனா அரை அளவு எதுக்குச் சாமி? முழுசாப் போட்டாலே உங்க ரெண்டு பேத்துக்கு ஒரு பொழுதுக்குக் காணாதே. மாப்பிள்ளை இனிப்பை விட்டுட்டாரா? பள்ளிக்கூடம் போறப்பவே ஒரு கிராம் பிசகாம நிறுத்த புள்ளை நீ, அளவெல்லாம் உனக்கு நான் சொல்லித் தரோணுமா. வாட்ஸ்அப்புல இதைக் கேக்கறே, போன் பண்ணுனா எடுக்க மாட்டீங்கறே. அப்பா பொழுதோட வந்ததும் உன்னைத்தான் கேக்கறாரு. என்னன்னு சொல்றது?

சூட்டோட வெட்டாதே. ரெண்டு மணி நேரம் தட்டுலயே ஆற விட்டு, அப்பறம் ஒரு மணி நேரம் பிரிட்ஜுல வை. கத்தியை வெந்நீர்ல முக்கித் துடைச்சுத் துடைச்சு வெட்டு. மறுநாள்தான் ருசி கூடும். மறுக்காவும் சொல்றேன், ரொம்ப வேக விட்டுறாதே.

முழு அளவாவே போடு. மிச்சத்தைத் துண்டு துண்டா பட்டர் பேப்பர்ல சுத்தி, காத்துப் போகாத டப்பாவுல ஃப்ரீசர்ல வெச்சா ரெண்டு மாசம் கெடாது.

பங்குனியில பண்ணாரியம்மன் கோயில்ல தீ மிதிக்கற குண்டம் வருது. ரெண்டு பேரும் ஒட்டுக்கா வந்தாலும் சரி, நீ மட்டும் வந்தாலும் சரி. நோம்பி வரைக்கும் காத்திருக்கோணும்னும் இல்லை. எந்நேரம் பஸ் ஏறுனாலும் அப்பாவுக்கு ஒரு போன் போடு, ஸ்டாண்டுக்கு வந்துருவாரு.

அம்மா