பள்ளிப்படை என்றால் மாணவர் படையா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தினம் பத்துச் சொல் மனப்பாடம் செய்தால் பிள்ளைகளுக்குச் சொல்வளம் பெருகும் என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். பெருகாது சார். நானும் என் மகளுக்கு நோட்டுப் போட்டுக் கொடுத்துப் பார்த்தேன், இரண்டே வாரத்தில் அது பரணுக்குப் போய்விட்டது.

அப்புறம் ஆடி வந்தது. குன்னூரில் ஆடிக்காற்று எப்படி என்று தெரியுமே, எங்காவது ஒரு கற்பூர மரம் கம்பிமேல் சாய்ந்தால் ராத்திரி முழுக்கக் கரண்ட் இருக்காது. அப்படி ஒரு ராத்திரியில்தான் எமர்ஜென்சி விளக்கை வைத்துக்கொண்டு பொன்னியின் செல்வனைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தோம். கதை தொடங்குவதும் ஆடிப்பெருக்கில்தானே! (இங்கே பெய்யும் மழையும் பவானியில் இறங்கிக் காவிரிக்குத்தான் போகிறது, அதனால் எங்களுக்கும் கதையில் பங்கு உண்டாம். மகள் சொன்னது.)

திருப்புறம்பயம் பள்ளிப்படை வந்ததும் "ஸ்கூல் பசங்க படையாம்மா?" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. போரில் செத்த கங்க மன்னன் பிருதிவீபதிக்கு எழுப்பிய நினைவுக் கோயில் அது என்று கதைக்குள்ளேயே தெரிந்தபோது அவளுக்கு ஒரே வெட்கம். அந்த இருட்டில் கூடிச் சதி செய்கிறவர்கள் ஆபத்துதவிகள். பிரித்துப் பார்த்தால் ஆபத்தில் உதவுகிறவர்கள், ஏதோ ஆம்புலன்ஸ்காரர் மாதிரி. ஆனால் தங்கள் பாண்டிய மன்னன் வீரபாண்டியனைச் சோழரிடமிருந்து காக்க முடியாமல் போனதால் சோழ குலத்தையே பழிவாங்கத் திரிகிற கூட்டம் அது. இதை எந்தப் பட்டியல் சொல்லித்தரும்?

ஆதுரசாலை என்ற சொல்லும் இப்போது எங்கள் வீட்டில் புழங்குகிறது, பாட்டிக்கு முட்டி வலித்தால் ஆதுரசாலைக்குத்தான் கூப்பிடுகிறாள். கல்கி அதைச் சும்மா இட்டுக்கட்டவில்லை. திருமுக்கூடல் கோயிலின் சோழர்காலக் கல்வெட்டிலேயே 15 படுக்கைகளோடு ஓர் ஆதுரசாலை இருக்கிறது. பள்ளிக் கட்டுரையில் அதை எழுதப்போய்ச் சிவப்பு மையில் அடித்து 'மருத்துவமனை' என்று திருத்தி வந்தது, அது வேறு கதை.

முதல் பாகம்தான் முடிந்திருக்கிறது, இன்னும் நாலு பாக்கி. உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். சிறுவர் பக்கத்தில் கடினமான சொல் வந்தால் பக்கத்திலேயே அர்த்தம் போடாதீர்கள். அடுத்த வாரம் போடுங்கள். 1950இல் இந்தத் தொடர் பத்திரிகையில் வரத் தொடங்கியபோது படித்தவர்களும் வாரக்கணக்கில் காத்திருந்தவர்கள்தானே.

இப்படிக்கு,
ஒரு வாசகி, குன்னூர்.